மூன்று வாளி நீலக்களி

எங்கள் வீட்டுக்காரர் மேட்டுக்காரர். மேடு என்றால் சும்மா மேடு இல்லை, உஸ்த்யுர்த். கீழே எங்கள் மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று மதில் சுவர் போல நிற்கும். மேலே ஏறிப் போனால் ஒரு மரம் கிடையாது, ஒரு குன்று கிடையாது, தோசைக்கல் மாதிரி சப்பட்டையாகக் கிடக்கும் நாள் கணக்கான தூரத்துக்கு. அந்தச் சப்பட்டையில் பிறந்ததற்காக ஒரு மனிதனுக்கு இவ்வளவு கர்வம் வர முடியும் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.

அவர் கணக்கில் மனிதர்கள் நான்கு தட்டு. கரதாவ் மலையில் கறுப்புக் கல்லுக்கு நடுவே ஆடு மேய்க்கிறவர்கள் முதல் தட்டு. அவர்களிடம் கொஞ்சம் மரியாதை உண்டு, ஏனென்றால் அவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்கள்தான், போட்டிக்கு வரமாட்டார்கள். அடுத்தது மேட்டுக்காரர்கள், அதாவது அவரும் அவர் வகையறாவும். அதற்குக் கீழே மணல்காரர்களாகிய நாங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கடற்கரைக்காரர்கள். அவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பேர் மீன்தின்னி. கடலிலிருந்து எவ்வளவு உயரத்தில் பிறந்தானோ அவ்வளவு பெரிய மனிதன். இதைச் சொல்லிக்கொண்டே அவர் குடித்த தண்ணீரெல்லாம் மணல்காரன் கிணற்றுத் தண்ணீர் என்பது வேறு விஷயம்.

ஆமாம், அவர் எங்கள் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. மேட்டில் கூட்டுப்பண்ணை கலைந்து போனபோது அவர் பங்குக்கு இரண்டு கிழட்டு ஒட்டகமும் ஒரு ஓட்டை வேனும் வந்தன. என் அப்பாவுக்கு மகன் இல்லை, மேய்ச்சல் நிலம் இருந்தது. அதனால் கீழே இறங்கி வந்தார். இப்படி மாமனார் வீட்டில் வந்து உட்காருகிறவனுக்கு எங்கள் பக்கம் நாய்க்குட்டி மாப்பிள்ளை என்று பேர். யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்கிற வழக்கமில்லை. இருபத்தாறு வருஷம் நானும் சொல்லாமல்தான் இருந்தேன். கூப்பிட வேண்டுமானால் 'ஏங்க', மற்றவர்களிடம் 'வீட்டுக்காரர்'. மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கிணறு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கிணற்றுக்குத் தோண்டினவன் பேர்தான் பேர். ஆள் செத்து நூறு வருஷம் ஆனாலும் வழிகேட்டால் அந்தப் பேரைத்தான் சொல்வார்கள். மேட்டில் கிணறு என்றால் சுண்ணாம்புப் பாறையை உடைத்துக்கொண்டு இருபது பாகம், முப்பது பாகம் இறங்க வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஒரு கிணற்றுக்கு இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகும். ஆழம் கூடக்கூட ஆளுக்கு மதிப்பு. வீட்டுக்காரரின் தாத்தா கிணறு இருபத்தெட்டுப் பாகம். அந்த இருபத்தெட்டை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

எங்கள் மணலில் ஐந்து பாகத்தில் தண்ணீர். நாலு நாள் வேலை. என் அப்பா தோண்டின கிணறும் ஐந்து பாகம்தான். அதை அவர் ஒரு நாளும் கிணறு என்று சொன்னதில்லை. குழி என்பார். 'உங்கப்பன் குழியில தண்ணி இருக்கா பாரு' என்பார். அப்பா உயிரோடு இருந்தபோது அவர் காதில் விழாமல் சொல்வார், அப்பா போன பிறகு உரக்கச் சொன்னார்.

மழையே இல்லாத இந்த வருஷம் ஜூன் மாதத்தில் அப்பா கிணறு சரிந்து தூர்ந்துவிட்டது. மணல் உள்ளே இறங்கி பழைய மரக்கட்டுமானம் நொறுங்கிப் போயிருந்தது. என்னிடம் இருபத்திரண்டு ஒட்டகங்கள். என்னிடம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அவர் கொண்டுவந்த இரண்டு கிழமும் எப்போதோ செத்துப்போயின. அதில் மர்ஜான் என்று ஒரு ஒற்றைத் திமில் பெண் ஒட்டகம். கல்யாணத்தின்போது அப்பா எனக்குக் கொடுத்த ஒட்டகத்தின் பேத்திக்கு மகள். அவள் கறக்கிற பாலைப் புளிக்க வைத்துத்தான் வீட்டுக்கு மாவும் தேயிலையும் வந்தன. குட்டியை முதலில் விட்டுப் பிறகு கறக்கவேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பார்த்துத் துப்புவாள். எனக்கு அவளைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்துக் கிணறு வெள்ளை மதிலின் அடிவாரத்தில் நாற்பது கிலோமீட்டர். அரசாங்கத் தண்ணீர் லாரி வரும் என்றார்கள். வரும் என்பது உண்மைதான், என்றைக்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. புல் இல்லாமல் ஏற்கனவே எலும்பும் தோலுமாக இருந்த பிராணிகள். பத்து நாளுக்குள் புதுக் கிணறு வேண்டும், இல்லாவிட்டால் மந்தை போய்விடும். நிலைமை அவ்வளவுதான்.

நான் என் தங்கை ஜானிலுக்கு போன் செய்தேன். அவள் புருஷன் ஒராசலி கடற்கரைக்காரன், அக்தாவ் நகரத்தில் பூமியில் துளை போடுகிற ஒரு கம்பெனியில் நிலவியல்காரன். பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் வீடு. அப்போது வீட்டில் இருந்தான். பெட்ரோல் பம்பு ஒன்றும் சிமெண்ட் உறைகளும் ஒரு மூட்டை காய்ந்த மீனும் ஏற்றிக்கொண்டு மறுநாளே வந்து இறங்கினான். மீன் வாடை அவனுக்கு முன்னால் வந்தது. வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்க் கை கொடுத்தார்.

சகலை சகலையைக் கண்டால் தலை அரிக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்வது உரிமை. ஆனால் இவர்கள் இருவரும் செய்தது கிண்டல் இல்லை. ஒருத்தன் காலடி மண்ணை இன்னொருத்தன் பறிப்பது. ஒராசலியும் லேசுப்பட்டவனில்லை. படித்தவன் என்ற திமிர் அவன் பல் தேய்க்கிற விதத்தில்கூடத் தெரியும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வான், அதுவும் மூன்று தடவை.

அன்று டீ குடிக்க உட்கார்ந்ததும் ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட ஆரம்பித்தான். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கடல். முதலில் மலைதான் வந்ததாம். பூமியை இரண்டு பக்கமும் நெருக்கினதில் கறுப்புப் பாறை மடிந்து மேலே எழுந்ததாம். அப்புறம் கடல் வந்து மற்ற இடத்தையெல்லாம் மூடியது. மலை மட்டும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடலுக்குள் சிப்பியும் சேறும் செத்த மீனும் படிந்து படிந்து, கோடிக்கணக்கான வருஷம் அமுங்கி, வெள்ளைப் பாறை ஆயிற்று. நிலம் மெல்ல உயர்ந்தது, கடல் வடிந்தது. அந்தக் கடல் தரை அப்படியே உயரத்தில் காய்ந்து நின்றது. அதுதான் மேடு. மழையும் காற்றும் அதன் ஓரத்தைக் கரம்பிக் கரம்பித் தின்றதில் செங்குத்துச் சுவர் வந்தது. கரம்பியது போக உதிர்ந்ததுதான் கீழே இருக்கும் மணல். பக்கத்திலிருந்து விளக்குப் பிடித்தவன் மாதிரி சொல்லிக்கொண்டே போனான்.

வீட்டுக்காரர் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப எங்க தாத்தா தண்ணிக்கு அடியிலயா ஆடு மேச்சாரு?"

"தாத்தா வர்றதுக்கு ரொம்ப முந்தி, சகல. ஒங்க மேடு எங்க கடலோட பழைய தரை. நாங்க புதுத் தரையில இருக்கோம், நீங்க பழைய தரையில இருக்கீங்க. வித்தியாசம் அவ்வளவுதான்."

"மீனத் தின்னா மீன் புத்திதான் வரும்."

"நீங்க மீன மிதிச்சிக்கிட்டு நிக்கிறீங்க, நாங்க திங்கிறோம்."

இது போதாதென்று ஒராசலியின் கண் வீட்டுக்காரரின் வேன் சாவியில் விழுந்தது. அந்தச் சாவிக்கொத்தில் ஒரு பல் தொங்கும். சின்ன வயதில் மேட்டில் கண்டெடுத்தது, ஓநாய்ப் பல் என்று எல்லோரிடமும் காட்டுவார். ஓநாயை அவரே அடித்தது போன்ற தோரணையில் காட்டுவார். ஒராசலி அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஓநாய்க்கு இப்படி முக்கோணமாகப் பல் இருக்காது, ஓரத்தில் ரம்பம் இருக்காது, இது சுறாவின் பல் என்றான்.

"அதாவது மீன்" என்றான்.

ஜானில் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. இருபத்தாறு வருஷத்துச் சிரிப்பு அது, வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்காரர் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். சகலை சொன்னதை அவர் மறந்திருக்கக்கூடும். நான் சிரித்ததை மறக்கவில்லை.

மறுநாள் தோண்ட ஆரம்பித்தார்கள். இடத்தை நான்தான் காட்டினேன், இரண்டு மணல்மேட்டுக்கு நடுவில் முட்புதர் பச்சையாக நின்ற பள்ளம். வீட்டுக்காரர் உள்ளே இறங்கினார். தோண்டுகிறவன் பேர்தானே நிற்கும், அதை வேறு யாருக்கும் விடுவாரா? ஒராசலி மேலே நின்று உறையை இறக்கினான், பம்பைப் பார்த்துக்கொண்டான். நான் ஒட்டகத்தை ஓட்டினேன். கயிறு கப்பி வழியாகப் போகும், ஒட்டகம் நடந்தால் மணல் வாளி மேலே வரும், திரும்பினால் கீழே போகும். வாளியைச் சாய்த்துக் கொட்டுவதும் நான்தான்.

நாலு பாகத்தில் ஈரம் வந்தது. ஐந்தில் ஊற்று. ஐந்தரையில் நல்ல தண்ணீர், இனிப்பென்றால் அப்படி ஒரு இனிப்பு. அன்று மாலை மந்தை முழுவதும் குடித்தது. மர்ஜான் ஒரே மூச்சில் நாலு வாளி குடித்துவிட்டுத் தலையை உதறினாள், எச்சிலும் தண்ணீருமாக என் முகமெல்லாம் நனைந்தது. நான் அழுதேன். பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் அழுதேன்.

ஒராசலி, இதோடு நிறுத்திவிடலாம், இருபத்திரண்டு ஒட்டகத்துக்கு இது தாராளம் என்றான். பெய்த மழையும் உருகின பனியும் மணலில் இறங்கிக் கீழே ஒரு அடுக்காக நிற்கிறது, அதற்கும் அடியில் கடைசியாக வந்த கடலின் களிமண், களிமண்ணுக்கு அடியில் அந்தக் கடலின் உப்புத் தண்ணீர் அமுங்கிக்கிடக்கிறது, களியைக் குத்தினால் பொங்கி மேலே வந்துவிடும் என்றான். வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். அவர் நிறுத்தப்போவதில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஒராசலி வேலைக்குக் கிளம்பினான். பம்பை விட்டுவிட்டுப் போனான். வண்டியில் ஏறுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, சகலகிட்ட சொன்னா ஏறாது. நீங்க வாளிய மட்டும் பாத்துக்கிட்டே இருங்க. நீலக்களியில சிப்பி வந்துச்சுன்னா ஒடனே நிறுத்தச் சொல்லிருங்க. ஒரு சாண்கூட எறங்கக்கூடாது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. நேற்றுப் பிறந்த கடற்கரைப் பயல், மணலில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பாடம் எடுக்கிறான். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். நீலக்களியில் சிப்பியைப் பார்த்தால் துப்பிவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். கோடி வருஷக் கதையெல்லாம் எங்களுக்குத் தெரியாது, ஏற வேண்டும் என்பது தெரியும். சரி சரி, போய்ட்டு வா என்றேன்.

வண்டி கண்ணிலிருந்து மறைந்ததோ இல்லையோ, வீட்டுக்காரர் மணல்மேட்டில் ஏறி நின்று மேட்டுக்கு போன் போட்டார். பெரியப்பா, அண்ணன், இன்னும் யார் யாரோ. வெள்ளிக்கிழமை எல்லோரும் வர வேண்டும், ஆடு அடிக்கிறேன், கிணற்றுக்குக் கயிறு விட வேண்டும் என்றார். கயிறு விடுவது என்றால், வகையறாவில் மூத்தவர் கல் கட்டின கயிற்றை இறக்கி ஆழம் அளந்து, தண்ணீரைக் குடித்துப் பார்த்து, எல்லோர் முன்னாலும் கிணற்றின் பேரை உரக்கச் சொல்வது. அதற்குப் பிறகு அந்தப் பேர் மாறாது.

அந்தப் பக்கமிருந்து அண்ணன்காரன் எத்தனை பாகம் என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் முடியவில்லை, பத்துக்குக் குறையாது என்றார்.

நான் பேசாமல் இருக்கவில்லை, அது உண்மை. அன்றைக்கே அவரிடம் போனேன். "ஏங்க, இது மேடு இல்ல. ஆறு பாகத்துக்கு மேல போகாதீங்க. போனா—"

முடிக்க விடவில்லை.

"ஒங்கப்பன் தோண்டினது கிணறா? பூன பறிக்குமே ஒரு பள்ளம், காரியம் முடிஞ்சதும் மூடுறதுக்கு, அது. அஞ்சு பாகத்தக் காட்டி எங்க ஆளுங்க முன்னாடி நான் நிக்கணுமா? நாய்க்குட்டி மாப்பிள்ளை தோண்டின நாய்க்குழின்னு சிரிப்பானுங்க. நீதான் சிரிச்சியே, ஒனக்கென்ன?"

அந்தப் பேர் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பூனை என்றாரே. என் அப்பா செத்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் தோண்டின தண்ணீரை இருபத்தாறு வருஷம் குடித்த வாய் அது. நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கிணற்றைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் தோண்டினார். பம்பு தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தது. யாருடைய வார்த்தையைக் காலில் போட்டு மிதிக்கிறாரோ அவனுடைய பம்பு. மீதியிருந்த உறைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். ஆறு பாகம், ஆறேமுக்கால், ஏழு. மஞ்சள் மணல் சாம்பல் மணல் ஆயிற்று. இடுப்பளவு சேற்றில் நின்று, உதடு நீலம் பாரித்து, ஐம்பத்திரண்டு வயதில் அந்த மனிதர் உழைத்த உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். கழுதையும் உழைக்கிறது.

வியாழக்கிழமை காலையில் உள்ளேயிருந்து சந்தோஷமாகக் குரல் வந்தது. "களி வந்துருச்சு!"

மேட்டில் அது நல்ல செய்தி. அங்கே பாறைக்கு அடியில் களி வந்தால் அதைக் குத்தின மறுநிமிஷம் பெரிய தண்ணீர், கிணறு முடிந்தது என்று அர்த்தம். அவர் பாட்டன் முப்பாட்டன் எல்லோரும் களியைக் குத்தித்தான் பேர் வாங்கினார்கள். அவரும் அதைத்தான் செய்யப்போகிறார். உள்ளே இருட்டு, சேறு. களியின் நிறமோ அதில் என்ன இருக்கிறது என்பதோ அவருக்குத் தெரிய வழியில்லை. வெயிலில் நிற்பவள் நான்தான்.

வாளி மேலே வந்தது. சாய்த்தேன். நீலம். நகத்தால் கீறினேன். சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்ன வெள்ளைச் சிப்பிகள், குறைந்தது பத்து இருக்கும்.

இப்போது சொல்ல வேண்டியதை நேராகவே சொல்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒட்டகத்தைத் திருப்பி வாளியைக் கீழே விட்டேன். நாளைக்கு அவர் ஆட்கள் வருவார்கள், கயிறு விடுவார்கள், குடிப்பார்கள், துப்புவார்கள். அந்தத் துப்பலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஒரே ஒரு தடவை அந்த மூக்கு அறுபடட்டும், மேடு என்ன மணல் என்ன என்று ஒரே ஒரு தடவை அந்த மண்டையில் ஏறட்டும். மர்ஜானை நான் அப்போது நினைக்கவில்லை. அவள் என் கண்ணுக்கு எதிரிலேயே புதர் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் நினைக்கவில்லை.

இரண்டாவது வாளி வந்தது. அதிலும் சிப்பி. கொட்டினேன். மூன்றாவது வாளியில் களியைவிடச் சிப்பி அதிகம். அதைக் கொட்டியதும் கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். உள்ளே எட்டிப் பார்த்து ஏங்க என்று கத்தினேன். அவர் அண்ணாந்து பார்த்தார், சேறு அப்பின முகத்தில் பல் தெரியச் சிரித்தார். கல்யாணத்தன்று சிரித்த அதே சிரிப்பு. கடப்பாரையை ஓங்கிக் குத்தினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பொங்கிக்கொண்டு வந்தது. பம்பால் சமாளிக்க முடியவில்லை. அவர் உறையின் இரும்புப் படியைப் பிடித்து ஏறி வெளியே வந்து விழுந்து இருமினார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பாத்தியா, எவ்வளவு தண்ணி!" அதற்கப்புறம் உதட்டை நக்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இதைப் பார்க்கத்தானே காத்திருந்தேன். பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அன்று முழுவதும் குத்தின ஓட்டையை அடைக்கக் களியை உருட்டிப் போட்டுப் பார்த்தார், இருந்த சிமெண்ட் மூட்டையை அப்படியே உள்ளே போட்டுப் பார்த்தார். உப்பு உப்புதான். நல்ல தண்ணீர் அடுக்கும் அதோடு கலந்து கெட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வண்டி நிறைய மேட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வர வேண்டாம் என்று போனில் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. கர்வம் பிடித்த மனிதர்களுக்கு இது ஒரு குணம், அடி வாங்குகிற இடத்துக்கும் நேரத்துக்குப் போய்விடுவார்கள். ஆடு அடித்தார். மூத்தவருக்குரிய மரியாதையாக ஆட்டுத் தலையைப் பெரியப்பா முன்னால் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா கயிற்றை இறக்கினார்.

எட்டுப் பாகம் என்றார். தகரக் குவளையில் மொண்டு ஒரு வாய் வைத்து, பொறுமையாகக் குனிந்து மணலில் துப்பினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எங்களுக்குத் தேவலை. எங்கள் வழக்கத்தில் தண்ணீர் கெட்டிருந்தாலும் பேரை விடமாட்டார்கள். தோண்டினவன் பேரோடு உப்பு என்று சேர்த்துச் சொல்வார்கள், தாகத்தோடு வருகிறவன் ஏமாறக்கூடாது என்பதற்காக. பெரியப்பா எழுந்து நின்று அந்தப் பேரைச் சொன்னார். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

மந்தையை அன்று பிற்பகலே மதிலடிவாரக் கிணற்றுக்கு ஓட்டினோம். அதற்குள் தாகம் தாங்காமல் பாதி ஒட்டகங்கள் பம்பு தொட்டியில் இறைத்துவிட்ட உப்புத் தண்ணீரைக் குடித்திருந்தன. போகிற வழியில் கழிச்சல் கண்டது. எட்டு ஒட்டகங்கள் விழுந்தன. மர்ஜான் இரண்டாம் நாள் மணலில் முழங்காலை மடித்து உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. குட்டி அவள் மடியை முட்டிக்கொண்டே இருந்தது. நான் என் தண்ணீர்க் குடுவையை அவள் வாயில் ஊற்றினேன். துப்பினாள், வழக்கம்போல. வீட்டுக்காரர்தான் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார். என்னால் பக்கத்தில் போக முடியவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஒராசலி வேறு பம்போடும் உறைகளோடும் வந்தான். இரண்டு கிலோமீட்டர் கிழக்கே வேறு பள்ளம் பார்த்து அவனே இறங்கித் தோண்டினான், வீட்டுக்காரர் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். ஐந்தேகால் பாகத்தில் நிறுத்தினான். நல்ல தண்ணீர். அதன் பேர் ஒராசலி கிணறு. மேட்டுக்காரர் இன்றைக்கு மீன்தின்னியின் கிணற்றில்தான் குடிக்கிறார், குடிக்கும்போது ஒன்றும் சொல்வதில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று ஒராசலி தன் பம்பை எடுக்க உப்புக் கிணற்றடிக்கு வந்தான். நானும் கூட நின்றேன். மணல் குவியலுக்கு மேலே அந்த நீலக்களி காய்ந்து வெடித்துக் கிடந்தது, மூன்று குவியலாக, தனித்தனியாக. வெயிலில் சிப்பிகள் பளிச்சென்று தெரிந்தன. அவன் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தான். அப்புறம் குவியல்களைப் பார்த்தான்.

"மூணு வாளி, அக்கா" என்றான்.

"ஆமா" என்றேன்.

மூன்று தடவை பேசுகிறவன் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. காலால் மணலைத் தள்ளி மூன்று குவியலையும் மூடினான். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறான். அந்த மரியாதையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் கேட்டார். நீலக்களியில் சிப்பி வந்தால் நிறுத்த வேண்டும் என்பதை ஒராசலி அவரிடம் சொல்லியிருக்கிறான், என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

"அந்தக் களியில சிப்பி இருந்துச்சா?"

"நான் பாக்கலைங்க" என்றேன்.

சரி என்றார். நம்பிவிட்டார். மேட்டைத் தவிர மற்ற எதையும் மதிக்காத மனிதர், நான் சொன்னதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

போன மாதம் வெளியூர் வண்டி ஒன்று வழி தவறி வந்தது. இறங்கினவர்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு நேரே உப்புக் கிணற்றுக்கு நடந்தார்கள். நான் ஓடிப் போய் மறித்தேன். அதில் தண்ணீர் இருக்கிறதே என்றார்கள். இது யார் கிணறு என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் பத்தடி தள்ளி வேனுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கிணறு என்று சொன்னால் வழிப்போக்கனுக்கு என்ன புரியும்?

"இது எஸ்பெர்கென் உப்பு. குடிக்காதீங்க" என்றேன்.

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேரைச் சொன்னேன். வேனுக்கு அடியில் முடுக்குகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

வந்தவர்களை ஒராசலி கிணற்றுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். கிணற்றுக்குத் தோண்டினவன் பேரைத்தான் வைப்பார்கள், மேலே நின்று வாளி இழுத்தவள் பேரை யாரும் வைப்பதில்லை. ஆம்பிளைகள் போட்ட கேடுகெட்ட வழக்கம் என்று கல்யாணமான நாளிலிருந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்டுவதில்லை.